கொரில்லாப் போருக்கும் கொரில்லாக் குரங்குக்கும் உறவில்லை

‘புதருக்குள் பதுங்கியிருந்து திடீரென்று பாயும் கொரில்லாக் குரங்கைப் பார்த்துத்தான் கொரில்லாப் போர் என்று பெயர் வந்தது’ என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

போரைக் குறிப்பது ஸ்பானியச் சொல். ‘கெர்ரா’ என்றால் போர். ‘கெரில்லா’ என்றால் சின்னப் போர். 1808 முதல் நெப்போலியனின் படைகளை ஸ்பெயின் மக்கள் சிறு குழுக்களாகத் தாக்கியபோது அந்தச் சொல் ஐரோப்பா முழுவதும் பரவியது. குரங்குக்குக் ‘கொரில்லா’ என்ற பெயர் கிடைத்ததோ 1847இல். பேரன் பெயரைத் தாத்தாவுக்கு வைக்க முடியுமா?

குரங்கின் பெயர்க்கதை இன்னும் சுவையானது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கடலோடி ஹன்னோ ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் கப்பலில் போனார். ஒரு தீவில் உடலெங்கும் ரோமம் அடர்ந்த ‘மனிதர்கள்’; பெரும்பாலோர் பெண்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அவர்களைக் ‘கொரில்லாய்’ என்றார்களாம். ஆண்கள் பாறைகளில் ஏறித் தப்பிவிட, பிடிபட்ட மூன்று பெண்கள் கடித்தும் பிறாண்டியும் வர மறுத்தார்கள். ஹன்னோவின் ஆட்கள் அவர்களைக் கொன்று, தோலை உரித்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவை மனிதர்களா, குரங்குகளா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. ஹன்னோவின் பயணக் குறிப்பின் கிரேக்க வடிவம் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

1847இல், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள காபோன் பகுதியில் கிடைத்த மண்டையோடுகளை வைத்துப் புதிய விலங்கை விவரித்த அமெரிக்க மதபோதகர் தாமஸ் சாவேஜ், அந்தப் பழைய சொல்லை எடுத்துச் சூட்டினார். ‘கொரில்லா என்றால் ஆப்பிரிக்க மொழியில் ரோமப் பெண்’ என்ற உபதகவலுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

குழப்பத்தில் நம் அச்சுக்கும் பங்குண்டு. இரண்டையும் ‘கொரில்லா’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். போருக்குக் ‘கெரில்லா’ என்று காலை விட்டுவிட்டு ஒற்றைக்கொம்பு மட்டும் போட்டால் போதும்.