சம்பளம் போட்டாச்சா, பிரதர்?

கடவுளிடம் அன்பு காட்டுவதில் நம் மலேசியப் பினாங்குத் தமிழ்ச் சபைகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜூலை 26 நெருங்கினால் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸ் தேவாலயத்தில் கால் வைக்க இடமிருக்காது. இந்துக்கள்கூட வேண்டுதலோடு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மற்ற நாட்களில் உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், வீட்டுக் கூட்டம். பாட்டு ஆரம்பித்தால் கை தானாக மேலே போகிறது. நானும் அந்தக் கும்பலில் ஒருவன்தான், கிண்டலாகச் சொல்லவில்லை.

என் ஆதங்கம் வேறு இடத்தில்.

ஜார்ஜ்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடை. முதலாளி நம்மவர், ஞாயிறு ஆராதனையில் முன்வரிசை. அங்கே ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) போடும் தம்பி புதுக்கோட்டைப் பக்கம். எண்ணெய் தெறித்த தழும்பு முழங்கை வரை இருக்கிறது. கடை அடைத்த பிறகு பின்வாசல் படியில் உட்கார்ந்து, விரல் இடுக்கில் காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "முதலாளி நல்லவருதாண்ணே. அதட்டிப் பேச மாட்டாரு. சம்பளம் கேட்டா மட்டும், 'ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன் தம்பி, கர்த்தர் வழி திறப்பாரு'ங்கிறாரு." பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன். "அவருகிட்டதான். பத்திரமா இருக்கட்டும்னு வாங்கி வச்சிருக்காரு."

கர்த்தர் வழி திறப்பது இருக்கட்டும், இவர் கல்லாவைத் திறந்தால் போதாதா?

மாற்கு 12-ல் வேதபாரகன் (யூத வேத அறிஞன்) ஒருவன் இயேசுவிடம் வந்து எது பிரதான கற்பனை, அதாவது கட்டளை, என்று கேட்கிறான். கேட்டது ஒன்று, கிடைத்தது இரண்டு. முழு இருதயத்தோடும் தேவனிடம் அன்புகூர வேண்டும் என்பது உபாகமம் 6-லிருந்து. உன்னைப்போல் பிறனையும் நேசி என்பது லேவியராகமம் 19-லிருந்து. இது நடந்த இடம் எருசலேம் தேவாலயம், பலிகள் செலுத்தப்படும் வளாகம். அங்கேயே நின்றுகொண்டு அந்த வேதபாரகன், முழுசாக எரித்துச் செலுத்தும் சர்வாங்க தகனபலிகளைவிட இதுதான் பெரிது என்று ஒப்புக்கொள்கிறான். நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல என்கிறார் இயேசு.

இந்த வசனத்தைக் காலண்டரில் போடாத சபை கிடையாது. ஆனால் லேவியராகமம் 19-ஐ முழுசாக உட்கார்ந்து வாசித்தவர்கள் எத்தனை பேர்? பிறனை நேசி என்பது 18-ஆம் வசனம். அதற்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று இருக்கிறது. மாதக் கடைசி வரைகூட இல்லை, விடியும்வரை! வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் (வேற்றூரிலிருந்து வந்தவனுக்கும்). செவிடனைத் திட்டாதே. கோள் சொல்லித் திரியாதே (நம் வாட்ஸ்அப் குரூப்புகள் கவனிக்கவும்). அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியில், உங்களிடம் தங்கும் அந்நியனையும் உன்னைப்போல் நேசி, எடைக்கல்லில் ஏமாற்றாதே. இப்படிச் சொல்லிக்கொண்டே போகும்போது இடையிடையே ஒரு முத்திரை விழுகிறது: நான் கர்த்தர். சம்பளப் பாக்கியும் தராசும் அவருடைய சொந்த விவகாரம் என்றல்லவா ஆகிறது?

"அதெல்லாம் பழைய ஏற்பாடு, நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம்" என்பார்கள். அப்படியானால் யாக்கோபு 5:4 எந்த ஏற்பாட்டில் இருக்கிறதாம்? பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அங்கே எழுதியிருக்கிறது.

வியாபாரம் படுத்துவிட்டது என்பது சில கடைகளில் உண்மையாகவே இருக்கும். லிட்டில் இந்தியாவில் வாடகை கட்டிக் கடை நடத்துகிறவர்களின் பாடு எனக்கும் தெரியும். அப்படியென்றால் வேலைக்காரரை உட்கார வைத்துக் கணக்கைக் காட்டி, எந்தத் தேதிக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்லலாம். ஊரில் அவர் அம்மா மருந்துக் கடையில் கடன் சொல்லிக்கொண்டு நிற்கும்போது, இங்கே முதலாளி நன்றி ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைத் தடிமனாகப் போடுவதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்தக் கவருக்குள் இருக்கும் பணம் யாருடையது?

நாட்டுச் சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் பணம் கைக்கு வந்தாக வேண்டும். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். தொழிலாளர் இலாகாவில் வெளிநாட்டுக்காரரும் புகார் கொடுக்கலாம். ஆனால் வேலை பெர்மிட் முதலாளி பெயரில் இருக்கும்போது எந்தத் தம்பி துணிந்து படியேறுவார்? அதனால்தான் இதைச் சபைக்குள் பேச வேண்டும் என்கிறேன்.

நம் கமிட்டித் தேர்தலில் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) ஒழுங்காகக் கொடுக்கிறாரா, ஞானஸ்நானம் எடுத்தவரா என்று பார்க்கிறோம். கூடவே இன்னொரு கேள்வியையும் சேர்க்கலாம் என்று பாஸ்டரிடம் சொன்னேன்: கடையில் வேலை செய்கிறவர்களுக்குப் போன மாதச் சம்பளம் போட்டாச்சா, அவர்களுடைய பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருக்கிறதா? பாஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பார்ப்போம் பிரதர், சிலர் மனசு சங்கடப்படும்" என்றார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுத்து மூலமாகவே கொடுக்கப்போகிறேன். கூடக் கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.