ஜெஃபர்சன் வெட்டாமல் விட்ட வசனம்

அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் நாத்திகரா, கிறிஸ்தவரா? 1800 அதிபர் தேர்தலிலேயே தொடங்கிவிட்ட சண்டை இது. அவர் ஜெயித்தால் வீட்டிலிருக்கிற பைபிளுக்கே ஆபத்து என்று அப்போது பயங்காட்டினார்கள். இன்று இரண்டு தரப்பும் "எங்காள்" என்று இழுக்கிறது. எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை.

1820 வாக்கில், வயது எழுபதைத் தாண்டிய அந்த மனிதர் கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலப் புதிய ஏற்பாடுகளை எடுத்துவைத்து, வசனம் வசனமாகக் கத்தியால் வெட்டி ஒட்டினார். இயேசுவின் போதனை இருந்தது, அற்புதங்கள் போய்விட்டன. உயிர்த்தெழுதலும் இல்லை, கல்லறை வாசலில் பெரிய கல்லைப் புரட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள், அதோடு முடிகிறது. கடவுளை நம்பினார், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூன்றும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தை ஏற்கவில்லை. அந்தப் புத்தகத்தை அவர் அச்சிடவே இல்லை. தனக்காகச் செய்துகொண்டது, தன்னோடேயே வைத்துக்கொண்டார்.

அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வருவது இங்கேதான். தன் நம்பிக்கையை யார்மேலும் திணிக்கவில்லை, அரசாங்கமும் திணிக்கக் கூடாது என்று சட்டம் எழுதினார். அவருடைய மாநிலமான வர்ஜீனியாவில், அரசு சபையாக இருந்த ஆங்கிலிக்கன் சபைக்கு வேறு சபைக்காரர்களும் வரி கட்டிய காலம் அது. உரிமம் வாங்காமல் பிரசங்கித்த பாப்டிஸ்ட் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவின் போதகர்கள் சிறைக்குப் போனார்கள். 1777இல் அவர் எழுதிய மதச் சுதந்திரச் சட்டத்தை அவருடைய நண்பர் ஜேம்ஸ் மேடிசன் போராடி 1786இல் நிறைவேற்றினார். இதைப் பாப்டிஸ்டுகள் மறக்கவில்லை. 1802 புத்தாண்டன்று, மாசசூசெட்ஸின் செஷயர் ஊர்க்காரர்கள் செய்த 1,235 பவுண்டு பாலாடைக்கட்டியைப் பாப்டிஸ்ட் போதகர் ஜான் லேலண்ட், அப்போது அதிபராக இருந்த ஜெஃபர்சனிடம் கொண்டுவந்து கொடுத்தார். அதே நாளில்தான் கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு, சபைக்கும் அரசுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று எழுதினார். ஊர் "நாத்திகன்" என்று ஏசியவரைத் தீவிர விசுவாசிகள் கொண்டாடினார்கள். மதச்சார்பின்மையைப் பக்திக்கு எதிரி என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கத்தி மத்தேயு 7:12ஐ விட்டுவைத்தது: "மனுஷர் உங்களுக்கு எவைகளைச் செய்ய விரும்புகிறீர்களோ, அவைகளை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள்." அதை எடுத்து ஒட்டிய கை, வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தது. உயிலில் விடுதலை எழுதிவைத்தது ஐந்து பேருக்கு மட்டும். 1826 ஜூலை 4 அன்று இறந்தார். கடனை அடைக்க 1827 ஜனவரியில் அவருடைய தோட்ட வீடான மாண்டிசெல்லோவில் மற்றவர்களில் பலரை ஏலம் விட்டார்கள். அந்த ஐவரில் ஒருவர் கொல்லர் ஜோசப் ஃபாசெட். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஏலத்தில் நின்றார்கள்.