எபேசியர் 2:10ஐ விட்டுவிடாதீர்கள்
'விசுவாசத்தால் நீதிமான் ஆகிவிட்டோம், இனி நீதியை நாடத் தேவையில்லை' என்று எபேசியர் 2:8-9ஐக் காட்டி எழுதியிருக்கிறீர்கள், பிரதர். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். நற்கிரியைகளுக்காகவே, அதாவது நல்ல செயல்களுக்காகவே, சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது அது. கிரியையால் இரட்சிப்பு இல்லை, சரி. ஆனால் ஏற்கெனவே விசுவாசியான தீமோத்தேயுவுக்குத்தான் பவுல் 'நீதியை நாடு' என்று எழுதினார் (1 தீமோத்தேயு 6:11). அந்த 'நாடு'வுக்கான கிரேக்கச் சொல்தான் பிலிப்பியர் 3:6இல் பவுல் முன்பு சபையைத் துன்பப்படுத்தியதற்கும் வருகிறது. விடாமல் துரத்துவது என்று பொருள். அந்த நீதி அன்றாட வியாபாரத்திலும் உண்டு: லேவியராகமம் 19:36இன் சுமுத்திரையான (சரியான) தராசு, எபிரெயத்தில் 'நீதியின் தராசு'. மளிகைக்கடை வைத்திருந்த என் அப்பா, தினமும் தட்டைத் துடைத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த அப்புறம்தான் முதல் பொட்டலம் கட்டுவார். இரட்சிப்பைச் சம்பாதிக்க அல்ல. இரட்சித்தவர்மேல் இருந்த அன்பினால்.