வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன்னாடியே வயர்மேனைக் கூப்பிடுங்க

மதுரைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் இப்போது "கிரீன் பில்டிங்" என்று கேட்டு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் கேள்வியெல்லாம் பொருளைப் பற்றியே: எந்தக் கல், எந்த பெயின்ட், எத்தனை கிலோவாட். கொத்தனாரும் வயர்மேனும் பிளம்பரும் சோலார்காரரும் எப்போது ஒன்றாக உட்கார்ந்து பேசுவது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வீடு கெடுவது அங்கேதான்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட் டிராப் சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது. 9 இஞ்ச் சுவருக்குள் 3 இஞ்ச் வெற்றிடம் கிடைக்கும். செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம், மேற்கு வெயிலும் உள்ளே வர நேரமாகும். அளவு ஒத்த கல் வேண்டும். கால் இஞ்ச் கூடிக்குறைந்தால் கல்லில் மிச்சம் பிடித்தது கலவையில் போய்விடும். வரிசைக்கு வரிசை அந்தச் சந்தின் மேல் ஒரு ரீப்பர் கட்டையை (மெல்லிய மரச்சட்டம்) வைத்துத்தான் கலவை போட வேண்டும், இல்லாவிட்டால் வெற்றிடம் கலவையாலேயே நிரம்பிவிடும்.

இதெல்லாம் ஒழுங்காகச் செய்து சுவர் எழும்பிய பிறகு வயர்மேன் கட்டரோடு வருவார். வெற்றிடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கல்லின் கனமே 3 இஞ்ச்தான். அதில் பைப்புக்குக் காடி எடுத்து, சுவிட்ச் பாக்ஸுக்கும் குடைந்தால் கல் உடைந்து உள்ளே விழும். அதில் வயர்மேன் மேல் குற்றமில்லை, அவரை யாரும் முன்னாடியே கூப்பிடவில்லை. சுவிட்ச் எங்கே என்று முதலிலேயே குறித்துக் கொடுத்தால், சுவர் ஏற ஏற அந்த வெற்றிடத்திலேயே பைப்பை நிறுத்திவிடலாம். பாக்ஸ் வரும் இடத்தைச் சுற்றி மட்டும் கெட்டியாகக் கட்டினால் போதும்.

மொட்டை மாடி இதைவிட மோசம். பொதுப்பணித்துறைக் கணக்குப்படி காங்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12.5 பங்கு போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு (தட்டையான ஓடு) பதிக்க வேண்டும். சுண்ணாம்பை விட்டு சிமென்ட் போட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் பகலில் விரிந்து ராத்திரி சுருங்கும் தளத்தின் மேல் அது விறைப்பாக நின்று வெடிக்கும். சுண்ணாம்பு கொஞ்சம் இசைந்து கொடுக்கும். சரி, இதையும் நன்றாகவே போட்டாயிற்று என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து சோலார்காரர் தட்டோட்டில் டிரில் போட்டு ஸ்டாண்டை முடுக்குகிறார். அந்த ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீரை ஜல்லி குடித்துக்கொண்டு, பத்தடி தள்ளி வேறு அறையில் சொட்டும். ஓட்டை எங்கே என்று தேடியே ஒரு மழைக்காலம் போய்விடும். தட்டோடு பதிக்கும் முன்பே தளத்தின் மேல் முக்கால் அடி உயரக் காங்கிரீட் கட்டைகளை போல்ட்டோடு போட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை.

3 கிலோவாட் சோலாருக்கு 300 சதுர அடியாவது வேண்டும். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் கன்னி மூலையில்தான் (தென்மேற்கில்) டேங்க் என்று அப்பத்தா சொல்லிவிட்டால், மார்கழியில் மூன்று மணிக்கு எட்டடி உயர டேங்க்கின் நிழல் வடகிழக்கே பத்தடிக்கு நீளும். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலே அதே வரிசையில் இருப்பதும் சேர்ந்து குறையும். அப்பத்தாவோடு சண்டை வேண்டாம், பேனலை அந்தப் பத்தடிக்கு அப்பால் தள்ளிப் போடுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். வருஷத்துக்குச் சுமார் 850 மி.மீ. மழை என்றால் 1,000 சதுர அடி மாடியில் 79,000 லிட்டர் விழும். மாடி வாட்டம் (சரிவு) ஒரு பக்கம், பிளம்பர் பைப் இறக்கியது இன்னொரு பக்கம் என்றால் அது தொட்டிக்கா போகும்?

சதுர அடிக் கூலிக்கு வேலை எடுத்தவருக்கு இப்படி உட்கார்ந்து பேசுவது நஷ்டம். அதனால் அந்த ஒரு நாளுக்கு நாலு பேருக்கும் தினக்கூலி கொடுத்துவிடுங்கள். பிளான் தாளில் ஆளுக்கொரு கலர் பென்சிலில் பைப், பாக்ஸ், வாட்டம், பேனல் கட்டை எல்லாம் குறிக்கட்டும். அதை லேமினேட் செய்து சிமென்ட் ஷெட்டில் ஒட்டுங்கள். அதைப் பார்க்காமல் யாரும் டிரில்லிங் மிஷினோடு மாடிப்படி ஏறக்கூடாது.