பெட்டியில் 500 வாட், உள்ளே 240

சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை, 500 வாட் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் அடித்து விற்கிறார்களே, அந்த 500 எங்கிருந்து வருகிறது என்று யாராவது கூட்டிப் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். பார்த்ததிலிருந்து கொதிப்பு அடங்கவில்லை.

நண்பர் வீட்டில் ஒரு கணினி. இணையம் பார்ப்பது, கணக்கு எழுதுவது வரை ஒரு பிரச்சினையும் இல்லை. பையன் கேம் திறந்து கொஞ்ச நேரம் ஓடினால் போதும், பட்டென்று அணைந்து திரும்ப எழும். நீலத்திரை கிடையாது, பிழைச் செய்தி கிடையாது. விண்டோஸை அழித்து மறுபடி போட்டார்கள். ரேமை மாற்றினார்கள். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பினார்கள். இங்கே நன்றாகத்தான் ஓடுகிறது என்று அது திரும்பி வந்தது. மாதக்கணக்கில் இந்த அலைச்சல். ஒருநாள் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் படித்தேன். 3.3 வோல்ட்டில் 24 ஆம்பியர். 5 வோல்ட்டில் 32 ஆம்பியர். 12 வோல்ட்டில் 20 ஆம்பியர். மைனஸ் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர், ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டில் 2 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பெருக்கிப் பாருங்கள்: 79, 160, 240, 6, 10. மொத்தம் 495. அதை இழுத்துப் பிடித்து 500 ஆக்கிவிட்டார்கள்.

இதில் எது நமக்கு உதவும்? இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஃபேன்களும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் வரியிலிருந்து, அதாவது 12 வோல்ட் தரும் மின்பாதையிலிருந்துதான். 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் எஸ்எஸ்டி, யுஎஸ்பி, மதர்போர்டின் சில்லறைத் தேவைகள் ஆகியவற்றுக்கு மட்டும். வீட்டுக் கணினி ஒன்றில் 5 வோல்ட்டில் 160 வாட்டை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது? ஆக, கேம் ஓடும்போது அந்தப் பெட்டியால் தர முடிந்தது 240 வாட். அதுவும் ஸ்டிக்கரில் எழுதியது உண்மை என்று நம்பினால். ஒழுங்காகச் செய்த 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டில் மட்டுமே 41 ஆம்பியர் போட்டிருக்கும். 492 வாட். இரண்டுக்கும் பெட்டியில் ஒரே எண், கடையில் ஒரே அலமாரி. வாங்குகிறவருக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

இந்தப் பித்தலாட்டத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இன்டெல் 1995-இல் மதர்போர்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பொது விதியான ஏடிஎக்ஸ் வடிவத்தைக் கொண்டுவந்தபோது ப்ராசஸர்கள் 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிகளிலிருந்துதான் மின்சாரம் எடுத்தன. அன்று அந்த வரிகளில் ஆம்பியர் அதிகம் இருந்தது நியாயம். பென்டியம் 4 ப்ராசஸர் வந்த 2000 வாக்கில் மதர்போர்டுக்கு 4 பின் கொண்ட தனி 12 வோல்ட் இணைப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து சுமை 12 வோல்ட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது! இன்னும் அதே பழைய பங்கீட்டில் பெட்டி செய்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, கேபினட்டோடு சேர்த்து "இதுவும் கூடவே வரும்" என்று நம் தலையில் கட்டுகிறார்கள். கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் மேல் எனக்கு இருக்கும் வெறுப்பைச் சொல்லி மாளாது. கண்ணாடிக் கதவுக்கும் கலர் விளக்குக்கும் செலவழித்துவிட்டு, எல்லாப் பாகத்துக்கும் உயிர் கொடுக்கும் பாகத்தில் மிச்சம் பிடிப்பது என்ன நியாயம்?

சிலவற்றைத் திறந்து பார்த்தால் இன்னும் வயிறு எரியும். வீட்டு மின்சாரத்தோடு வரும் மின் இரைச்சலை வடிகட்ட வேண்டிய கம்பிச்சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பியைப் போட்டு இணைத்திருப்பார்கள். பலகையில் அந்தப் பாகத்தின் எண் அச்சாகியிருக்கும், துளை இருக்கும், பாகம் இருக்காது. பெரிய கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய அளவில் பாதி இருக்கும். அந்தக் கெப்பாசிட்டர்தான் மின்சாரம் ஒரு கணம் தடுமாறினால் தாங்கிப் பிடிப்பது. சுமார் 16 மில்லி நொடியாவது தாங்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்த கணக்கு. யுபிஎஸ் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் சில மில்லி நொடிகளைக் கடக்க அந்த அவகாசம் வேண்டும். அதில் கை வைத்தால், யுபிஎஸ் இருந்தும் கணினி அணைகிறது. வீட்டில் இருப்பவர்கள் யுபிஎஸ்ஸைத் திட்டுவார்கள். பாவம், அது என்ன செய்யும்?

சரி, மட்டமானது வேண்டாம், நல்லதாக வாங்கலாம் என்று போனால் அங்கே வேறொரு கூட்டம் காத்திருக்கிறது. "எதுக்கும் 850 வாட் போட்டுக்குங்க, பின்னாடி உதவும்." யாரைக் கேட்டாலும் இதே பாட்டு. என்ன கணினி, என்ன வேலை என்று ஒரு கேள்வி கிடையாது. கோர் ஐ5-12400 ப்ராசஸர் முழு வேகத்தில் எடுப்பது 117 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50, 60 வாட் வைத்தாலும் மொத்தம் 300-ஐத் தாண்டாது. அந்தக் கார்டுக்கு என்விடியாவே பரிந்துரைப்பது 550 வாட்தான், அதிலேயே நிறைய இடம் விட்டிருக்கிறார்கள். தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் வைத்திருக்கும் கணினி பெரும்பாலான நேரம் 100 வாட்டைக்கூடத் தொடாது. அதற்கும் 750 வாட் விற்கிறவர்களை என்னவென்று சொல்வது? 14900கே ப்ராசஸர் 253 வாட்டும் 4090 கார்டு 450 வாட்டும் இழுக்கிற கணினி வைத்திருக்கிறவர்கள் பெரிதாக வாங்கட்டும், அவர்களுக்கு அது வேண்டும். அவர்களுக்கான அறிவுரையை ஏன் எல்லார் வீட்டுக்கும் சொல்கிறீர்கள்? அந்தப் பணத்தில் அதே 550 வாட்டில் ஒரு தரம் மேலானதை வாங்கியிருக்கலாமே!

இதில் இன்னொரு தவறான கணக்கு உலவுகிறது. "80 சதவீத எஃபிஷியன்சி என்றால் 500 வாட்டில் 400தான் கிடைக்கும், அதனால் 650 வாங்குங்கள்" என்று வாய் கூசாமல் சொல்கிறார்கள். தப்பு. 500 வாட் என்பது எஸ்எம்பிஎஸ் கணினிக்குத் தர வேண்டிய அளவு. 80 சதவீதம் என்றால், அந்த 500-ஐத் தருவதற்குச் சுவரிலிருந்து 625 வாட் எடுக்கும், மிச்சம் 125 வாட் சூடாகப் போகும். அவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ளாமல் விற்பவர்களை மன்னிக்கலாம். தெரிந்தே சொல்பவர்களை மன்னிக்க முடியாது.

அப்புறம் அந்த 80 பிளஸ் ஸ்டிக்கர். ப்ரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டேனியம் என்று பதக்கம் மாதிரி பெயர் வைத்ததில் தொடங்குகிறது வினை. 2004-இல் தொடங்கிய அந்தத் திட்டம் அளப்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும். 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையில் ப்ரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் எட்ட வேண்டும். 200 வாட் எடுக்கும் கணினிக்கு இதைக் கணக்குப் போட்டால், சுவரில் 235 வாட்டுக்குப் பதில் 222 வாட். 13 வாட் வித்தியாசம். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வோல்டேஜ் எவ்வளவு நிலையாக நிற்கிறது, ஷார்ட் ஆனால் உடனே அணைகிறதா, ஃபேன் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கெல்லாம் அந்த ஸ்டிக்கர் சாட்சி இல்லை. மக்களோ கோல்டு என்றால் எல்லாமே தங்கம் என்று நம்பி வாங்குகிறார்கள். அப்படி நம்பும்படிதான் விற்கிறார்கள். அசல் சின்னம் மாதிரியே தோன்றும்படி எதையோ அச்சடித்து ஒட்டுகிறவர்கள் வேறு தனி.

இது கற்பனைப் பயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021-இல் கிகாபைட் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் எஸ்எம்பிஎஸ் மாடல்கள் சோதனைகளில் பொசுங்கி வெடித்தது உலகத்துக்கே தெரிந்த விஷயம். பி750ஜிஎம்மில் ஒட்டியிருந்தது 80 பிளஸ் கோல்டு. கிராபிக்ஸ் கார்டுக்கு உலகமே தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், கார்டு வேண்டுமானால் இதையும் சேர்த்து வாங்கு என்று கட்டாயக் கட்டாக விற்ற எஸ்எம்பிஎஸ் அது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் அறிக்கை விட்டது. அதிகச் சுமை வந்தால் அணையும் எல்லை 120 முதல் 150 சதவீதம் வரை இருந்ததை 110 முதல் 120 சதவீதத்துக்குள் குறைத்துவிட்டதாகவும், குறிப்பிட்ட வரிசை எண்களுக்குள் வாங்கியவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. 750 வாட் பெட்டி 1125 வாட் வரை இழுக்க விட்டு வேடிக்கை பார்த்ததா? இந்த எல்லை எவ்வளவு என்று பெட்டியில் எங்காவது இருந்ததா? இன்றைக்கும் எத்தனை பெட்டிகளில் இருக்கிறது?

இருக்காது. நமக்குத் தெரிய வேண்டியது எதுவுமே பெட்டியில் இருக்காது. ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் வரியில் ரிப்பிள், அதாவது வோல்டேஜின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம், 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது, 5 மற்றும் 3.3 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட். இந்தப் பெட்டியில் எவ்வளவு என்று கேட்டால் விற்பவர் முழிப்பார். உள்ளே செய்தது யார் என்பதும் ரகசியம். பெட்டியில் இருக்கும் பிராண்டு ஒன்று, தயாரித்தது சீசானிக்காகவோ சிடபிள்யூடியாகவோ சூப்பர் ஃபிளவராகவோ இருக்கும். அதாவது பரவாயில்லை. ஒரே பெயரில் முதல் தொகுதியை நன்றாகச் செய்து, விமர்சனம் எழுதுகிறவர்கள் கையில் கொடுத்துப் பாராட்டு வாங்கிவிட்டு, அப்புறம் உள்ளே இருப்பதை மலிவாக மாற்றுகிறார்கள். பெயர் அதே, பெட்டி அதே. பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டு வாங்குகிறவர் ஏமாளியா? அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுத்தானே வாங்கினார்!

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் என்னை அதிகம் கொதிக்க வைப்பது. மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் வேண்டிய கேபிளை மட்டும் செருகலாம், மிச்சத்தை எடுத்து வைக்கலாம். அருமையான ஏற்பாடு. மதர்போர்டு, டிஸ்க் பக்கம் எந்தப் பின்னில் என்ன வோல்டேஜ் என்பதற்குப் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் அப்படி எதுவும் கிடையாது! ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அடுக்குகிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே மாறும். ஆனால் பிளக்கின் வடிவம் மட்டும் பல நேரம் ஒன்றாக இருக்கும், அழகாகப் போய் உட்காரும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிளைப் புதியதில் செருகி ஆன் செய்தால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாயலாம். ஹார்டு டிஸ்க் அந்த நொடியே போய்ச் சேரும். வருடக்கணக்கில் சேர்த்த குடும்பப் படங்களும் கூடவே. பொருந்தாத கேபிள் பொருந்தாமல் இருக்கும்படி பிளக் செய்வது என்ன ராக்கெட் விஞ்ஞானமா? ஒரு பிளாஸ்டிக் மூலையை மாற்றி வார்த்தால் முடிந்தது. இத்தனை வருடமாக அதைக்கூட ஒன்றுகூடிப் பேசித் தீர்க்கவில்லை.

ஆனால் 600 வாட்டை ஒரே சின்ன பிளக்கில் அடைக்க மட்டும் ஒன்றுகூடினார்கள். 2022-இல் ஏடிஎக்ஸ் 3.0-வோடு கிராபிக்ஸ் கார்டுக்கு வந்த 16 பின் இணைப்பு, அதே வருட அக்டோபரில் 4090 கார்டுகளில் உருகத் தொடங்கியது. முழுதாகச் செருகவில்லை, வாங்கியவர் தப்பு என்று ஒரு விளக்கம். அப்புறம் 2023-இல் கார்டுக்குச் சைகை தரும் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கி, சரியாக உட்காராவிட்டால் மின்சாரம் போகாதபடி வடிவத்தைத் திருத்தினார்கள். திருத்த முடிந்ததை முதலிலேயே செய்திருக்கலாம் அல்லவா?

உத்தரவாதம் இருக்கிறதே என்பார்கள். 5 வருடம், 10 வருடம் என்று பெட்டியில் தங்க முத்திரை வேறு. பெரும்பாலானவற்றின் சின்ன எழுத்தைப் படியுங்கள். எஸ்எம்பிஎஸ் செத்தால் எஸ்எம்பிஎஸ் தருவார்கள். அது போகும்போது மதர்போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போனால் அது உங்கள் பாடு. மற்ற பாகம் கெட்டால் அந்தப் பாகத்தோடு போயிற்று. கெட்டால் மொத்தக் கணினியையும் கொல்லக்கூடிய ஒரே பாகம் இது, இதற்குத்தான் பொறுப்பு இவ்வளவு சுருங்கியிருக்கிறது.

மாத்திரை அட்டையில் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று போடாமல் விற்க விடுவோமா? இதிலும் அதைத்தான் கேட்கிறேன். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், எந்த வெப்பநிலையில் அந்த அளவைத் தொடர்ந்து தரும், எந்தெந்தப் பாதுகாப்புகள் எந்த எல்லையில் அணைக்கும், உள்ளே தயாரித்தது யார், எத்தனையாவது திருத்தம். பெட்டியின் முகப்பில், வாட் எண் போட்டிருக்கும் அதே அளவு எழுத்தில். அதுவரை நான் பெட்டியைத் திருப்பி 12 வோல்ட் வரியைத்தான் முதலில் பார்ப்பேன். அந்த ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் முகப்பில் போட்ட வாட்டுக்குப் பக்கத்தில் வராத எதையும், எவ்வளவு மலிவாகத் தந்தாலும், என்னைக் கேட்கும் யாரையும் வாங்க விடமாட்டேன்.