100 டாலர் தலைக்கட்டு வரி

சான் பிரான்சிஸ்கோவில் பார்டர்லேண்ட்ஸ் புக்ஸ் என்று ஒரு கடை. 1997-லிருந்து ஃபேன்டஸி, அறிவியல் புனைவு, பேய்க்கதை, இவைதான் அங்கே சரக்கு. ஃப்ரீமான்டில் வேலை பார்த்த நாட்களில் சனிக்கிழமையானால் பார்ட் ரயில் பிடித்துப் போய்விடுவேன். அப்போது வலென்சியா தெருவில் இருந்தது.

முதல் தடவை நுழைந்ததும் உரித்த கோழி மாதிரி ஏதோ ஒன்று காலடியில் வந்து நின்றது. முடியே முளைக்காத ஸ்பிங்க்ஸ் பூனை, கடையின் செல்லம். நான் பயந்து ஒதுங்கியதைப் பார்த்துச் சிரித்த ஆளோடுதான் அன்று இரண்டு மணி நேரம் டிராகன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஆபீசில் இந்தப் பேச்சை எடுத்தால் ‘இந்த வயசுல இதெல்லாமா’ என்பார்கள்.

2015 பிப்ரவரியில் கடையை மூடப்போவதாக அறிவித்தார்கள். குறைந்தபட்சக் கூலி 2018-க்குள் மணிக்கு 15 டாலர் ஆக வேண்டும் என்று நகர மக்கள் வாக்களித்திருந்தார்கள். ‘கூலியை ஏத்துனா இப்படித்தான்’ என்று ஒரு கூட்டம் உடனே கிளம்பியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூலி உயர்வு கொள்கையளவில் சரிதான் என்று கடைக்காரர்களே சொன்னார்கள். சிக்கல் வேறு இடத்தில். செலவு கூடினால் ஓட்டல்காரர் காபி விலையை ஏற்றிக்கொள்வார். புத்தக விலையைப் பதிப்பகம் அட்டையிலேயே அச்சடித்து அனுப்பிவிடுகிறது. கடைக்காரர் எதில் கை வைப்பார்?

வாசகர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். மார்ச் 31-க்குள் 300 பேர் ஆளுக்கு 100 டாலர் கட்டினால் அந்த வருடம் கடை ஓடும், அடுத்த வருடமும் இதேபோல.

‘கட்டுனா என்ன கிடைக்கும்?’ என்றான் ரூம்மேட். எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. என்ன கிடைக்கும் என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. கொடுத்தால் ஊரில் நாமும் ஒரு ஆள், அவ்வளவுதான். (வரி வாங்க மறுத்தே சிலரை ஒதுக்கிவைக்கிற கொடுமையும் நம்மிடம் உண்டு, தெரியும். இங்கே யாரும் யாரையும் என்ன ஆள் என்று கேட்கவில்லை.) புத்தகம் மட்டும்தான் வேண்டுமென்றால் ஆன்லைனே மலிவு, கடை மூடினாலும் நஷ்டமில்லை. டிராகன் பேச ஆள் வேண்டுமென்றால் அந்த இடத்துக்கும் காசு ஆகும்.

2017-ல் வாடகைத் தொல்லையே வேண்டாமென்று ஹெய்ட் தெருவில் சொந்தக் கட்டடம் வாங்கினார்கள். வாசகர்களே கடன் கொடுத்தார்கள், சுமார் 19 லட்சம் டாலர். பேய்க்கதைக் கடைக்கு எந்த வங்கி இதைக் கொடுக்கும்?

அந்த 300 பேரும் இரண்டே நாளில் சேர்ந்துவிட்டார்கள். நான் யோசித்து முடிப்பதற்குள் கணக்கு நிறைந்துவிட்டது. அப்பாடா, 100 டாலர் மிச்சம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.