18650 பேட்டரியை 3.3 வோல்ட் பின்னில் நேரடியாகக் கொடுக்கலாமா?

“18650 பேட்டரி 3.7 வோல்ட்தான். ஈ.எஸ்.பி.32 போர்டின் 3.3 வோல்ட் பின்னில் நேரடியாகக் கொடுங்கள், ரெகுலேட்டர் செலவு மிச்சம்” என்று ஒரு ஃபார்வர்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. (18650 என்பது திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் பேட்டரி; ஈ.எஸ்.பி.32 என்பது வைஃபை வசதியுள்ள சிறு கணினிச் சிப்; ரெகுலேட்டர் என்பது மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் பாகம்.)

3.7 என்பது பேட்டரி உறையில் அச்சிடும் பெயரளவுக் கணக்கு. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 4.2 காட்டும். அந்தப் பின்னோ ரெகுலேட்டரைத் தாண்டி நேராகச் சிப்புக்கே போகிறது. சிப்பைத் தயாரிக்கும் எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் டேட்டாஷீட் (சிப்பின் விவரக்குறிப்பு) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் சப்ளை மின்னழுத்தத்தின் உச்ச வரம்பு 3.6 வோல்ட். “எனக்கு ஓடுகிறதே” என்பார்கள். ஓடலாம், எத்தனை நாளைக்கு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சரி, 5 வோல்ட் பின்னில் கொடுத்தால்? அது ரெகுலேட்டர் வழியாகப் போவதால் சிப் பிழைக்கும். ஆனால் பல போர்டுகளில் இருக்கும் ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டர் ஏறக்குறைய ஒரு வோல்ட்டைத் தானே தின்றுவிடும். பேட்டரி கொஞ்சம் இறங்கியதும், வைஃபை ஆன் ஆகும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகும். இந்த எரிச்சலில்தான் பலர் 3.3 பின்னுக்குத் தாவுகிறார்கள் போலும்.

பேட்டரிக்கும் 3.3 பின்னுக்கும் நடுவே ஏ.பி.2112 போன்ற, இழப்பு குறைந்த 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று போதும். 600 மில்லிஆம்பியர் வரை தரும். சார்ஜ் ஏற்ற டி.பி.4056 போர்டு வாங்கும்போது பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாததும் அதே பெயரில்தான் விற்கிறது.

அந்த ஃபார்வர்டு வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்ப வேண்டாம்.